கேட்பார் இல்லாத நேரம்

பன்னிரண்டாம் வகுப்பில் சிறப்பாகத் தேறிய பிள்ளைகள் பலர், கல்லூரியின் முதல் பருவத் தேர்விலேயே தடுமாறி நிற்கின்றனர். பெற்றோர் திகைக்கின்றனர். ‘சேர்க்கை சரியில்லை’, ‘கைப்பேசிதான் கெடுத்தது’ என்கின்றனர். அவற்றிலும் உண்மை இருக்கலாம். ஆயினும், அவற்றுக்கெல்லாம் அடியில் வேறொரு கேள்வி கிடக்கிறது. இதுவரை படித்தது யார்? அந்தப் பிள்ளையா, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களா?

பள்ளி நாட்களில் விடியற்காலையில் எழுப்பத் தாய் இருந்தார். வாரத் தேர்வு, மாதத் தேர்வு, திருப்புதல் தேர்வு என்று ஆசிரியர்கள் விடாது கேட்டுக்கொண்டிருந்தனர். எதைப் படிக்க வேண்டும் என்பதையும் பாடநூல் வரையறுத்துவிட்டது. கல்லூரியிலோ பேராசிரியர் ஐந்தாறு நூல்களின் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குச் சென்றுவிடுகிறார். விடுதியில் பத்து மணி வரை உறங்கினாலும் எழுப்புவார் இல்லை. இதைச் சுதந்திரம் என்று பிள்ளைகள் கொண்டாடுவது இயல்பே.

அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வகுத்த இளநிலைப் பாடத்திட்ட அமைப்பில், ஒரு கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் 15 மணி நேர விரிவுரை. 2023-இல் வந்த தேசியக் கிரெடிட் கட்டமைப்போ, ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரக் கற்றலை எதிர்பார்க்கிறது. ஆக, நான்கு கிரெடிட் கொண்ட ஒரு விரிவுரைப் பாடத்துக்கு வகுப்பறையில் கிடைப்பது 60 மணி. எஞ்சிய 60 மணியைக் கால அட்டவணையில் தேடினால் அகப்படாது. அதை மாணவர்தாம் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லியில், கல்வி முடித்து விடைபெறும் சீடனிடம் ஸ்வாத்யாயத்தைக் கைவிடாதே என்று குரு வற்புறுத்துகிறார். குருகுலத்தில் சேரும் நாளில் அன்று, பிரியும் நாளில்! இனிக் கேட்க ஆளில்லை என்ற நிலையில்தான் அந்தச் சொல்லுக்குத் தேவை எழுகிறது.

எப்படிப் படிப்பது என்பதிலும் நேர்மை பற்றிய கேள்வி ஒன்று உண்டு. ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் அறிஞர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முந்தி நின்றனர். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். திரும்ப வாசிக்கையில் எல்லாம் தெரிந்தது போன்ற தோற்றம் உண்டாகிறது. அது நம்மை நாமே முகஸ்துதி செய்துகொள்வது. நூலை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதிப் பாருங்கள். தெரியாதது எது என்று அந்தத் தாள் தயவின்றிச் சொல்லிவிடும். பள்ளியில் ஆசிரியர் கேட்ட கேள்வியை இப்போது நம்மிடம் நாமே கேட்கிறோம். பொய் சொன்னால் கண்டுபிடிப்பதற்கும் வேறு யாரும் இல்லை.

சிலர் ராமானுஜனை எடுத்துக்காட்டுவர். 1904-இல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்த அவர், கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைப் புறக்கணித்ததால் அதனை இழந்தார். உண்மைதான். ஆனால் கேட்பாரற்ற நேரத்தை அவர் எதில் செலவிட்டார் என்பதற்கு அவருடைய குறிப்பேடுகள் சாட்சி. நம்முடைய குறிப்பேட்டையும் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அவர் பெயரைச் சொல்வது நல்லது.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. பன்னிரண்டாம் வகுப்பிலேயே ஒரு பாடத்தையாவது கண்காணிப்பின்றிப் பிள்ளையின் பொறுப்பில் விட்டுப் பார்க்கலாம். சில மதிப்பெண்கள் குறையக்கூடும். குறைந்தது ஏன் என்பதைப் பிள்ளை நம் அருகில் இருக்கும்போதே கண்டுகொள்ளும். எங்கோ தொலைவில் ஒரு விடுதி அறையில், தோல்வியை வீட்டுக்குச் சொல்ல அஞ்சி, தனியாகக் கண்டுகொள்ள நேராது.