யாருடைய கணக்கு?

ஒரு தலைமுறையின் மையித்துகள் மீது அடுத்த தலைமுறைக்குப் பள்ளிக்கூடமும் வைத்தியசாலையும் எழுந்தால், அந்த மரணங்கள் நியாயமாகிவிடுமா? சோவியத் ஒன்றியத்தைப் பற்றிப் பேசும்போது இடதுசாரி நண்பர்கள் பலர் இக்கேள்வியை எழுப்புவதில்லை. எழுத்தறிவைப் பாருங்கள், ரயில் பாதையைப் பாருங்கள் என்று விடையை மட்டும் தந்துவிடுவார்கள். கஸகஸ்தானை முன்வைத்து இதைச் சற்று யோசிக்கலாம்.

கஸக் மக்களில் பெரும்பாலோர் பருவத்துக்கேற்ப மேய்ச்சல் நிலம் மாறி வாழ்ந்த முஸ்லிம்கள். மழை குறைந்த, பனி உறைகின்ற அந்தப் புல்வெளியில் மந்தையை ஓரிடத்தில் நிறுத்தினால் புல் தீர்ந்துபோகும். அவர்களுடைய அலைச்சல் நூற்றாண்டுகளின் பட்டறிவு. 1925இல் அங்கே கட்சித் தலைவராக வந்த பிலிப் கொலோஷ்சேகினுக்கோ அது பின்தங்கிய நிலை. கஸக் கிராமங்களுக்கு ஒரு 'சின்ன ஒக்டோபர்' வேண்டும் என்றார் அவர். 1928இல் 'பாய்' எனப்பட்ட செல்வந்தக் குடும்பங்கள் சுமார் 700இன் மந்தைகள் பறிக்கப்பட்டன. பிறகு கூட்டுப்பண்ணை, கட்டாயக் குடியமர்வு, தானியக் கொள்முதல், இறைச்சிக் கொள்முதல் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கின.

கூட்டுப்பண்ணையில் குவித்த கால்நடைகளுக்குத் தீவனம் இருக்கவில்லை. பசியிலும் குளிரிலும் அவை செத்தன. தானியம் விளைவிக்காதவனிடமும் தானியம் கேட்டார்கள். அதை வாங்கிக் கொடுக்க அவன் ஆட்டை விற்றான். குடியமர்த்துவதற்கு வீடுகளும் இல்லை. கூடாரங்களை வரிசையாக நிறுத்திவிட்டுக் குடியிருப்பு என்று பெயர் வைத்த இடங்களும் உண்டு. சில ஆண்டுகளுக்குள் கால்நடைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. 1930 முதல் 1933 வரையான பஞ்சத்தில் சுமார் 15 இலட்சம் பேர் மாண்டனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கஸக்குகள். அந்த இனத்தில் மூன்றில் ஒருவருக்கும் மேல். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் ஊரை விட்டு ஓடினர். வழியில் விழுந்தவர்களைக் கபனிட்டு அடக்க ஆளில்லை.

மாற்றமே கூடாது என்பதல்ல என் வாதம். பாய்களின் ஆதிக்கமும் ஏழைகளின் வறுமையும் மெய்தான். கஸக் அறிஞர்களும் மாற்றத்தை வேண்டி நின்றவர்களே. அஹ்மத் பைதுர்சினோவ் 1912 அளவில் அரபெழுத்தைக் கஸக் மொழியின் ஒலிகளுக்கேற்பச் சீர்திருத்தினார். படிப்பவனுக்கு இலகு, பழைய ஏடுகளோடும் உறவு அறவில்லை. 1929இல் அரசு இலத்தீன் எழுத்தைத் திணித்தது. 1940இல் அதையும் தள்ளிவிட்டு சிரில்லிக்கைக் கொண்டுவந்தது. எழுத்தறிவைக் கொண்டாடும் நண்பர்கள், படித்தவர்கள் பதினொரு ஆண்டுகளுள் இரண்டு தடவை எழுத்தறியாதவர்களாக்கப்பட்டதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பைதுர்சினோவ் 1937இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவருடைய எழுத்து சோவியத் எல்லைக்கு அப்பால், சீனாவின் கஸக்குகளிடையே பிழைத்தது.

தியாகம் என்ற சொல்லை இங்கே சிலர் இழுத்து வருவதுண்டு. பிள்ளைக்காகத் தாய் பட்டினி கிடந்தால் அது தியாகம். இன்னொருவன் அவளுடைய சோற்றைப் பறித்துக்கொண்டு, உன் பேரனுக்காகத்தான் என்றால் அதற்கு வேறு பெயர். கஸகஸ்தானில் அவளோடு பிள்ளையும் செத்தது, பேரன் பிறக்கவேயில்லை. பிழைத்தவர்களின் பேரர்கள் படித்தார்கள் என்பது உண்மை. ஆனால் பிறக்காதவன் சார்பில் நன்றி சொல்ல அவர்களுக்கு அதிகாரமில்லை.

அரசுக்குச் சேதி எட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. துரார் ரிஸ்குலோவ் ஸ்டாலினுக்கே எழுதினார். 1932 ஜூலையில் எழுத்தாளர் காபித் முஸ்ரேபோவ் உட்பட ஐவர் கொலோஷ்சேகினுக்குக் கடிதம் எழுதினர். இவர்கள் புரட்சியின் எதிரிகள் அல்லர், அதை நம்பியவர்கள். பேனா பிடிக்கும் நாம் முஸ்ரேபோவின் பெயரையாவது நினைவில் வைத்திருக்க வேண்டும். கொலோஷ்சேகின் 1933இல் பதவி நீக்கப்பட்டார். எழுதிய ரிஸ்குலோவ் 1938இல் கொல்லப்பட்டார்.

இலாபமும் நட்டமும் பார்க்கச் சொல்கிறார்கள். 1937 ஜனவரியில் சோவியத் அரசு குடிசன மதிப்பீடு ஒன்றை நடத்தியது. எதிர்பார்த்த தொகைக்கு ஆட்கள் இருக்கவில்லை. மதிப்பீடு செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. நடத்திய அதிகாரிகள் கைதாயினர். 1980களின் இறுதி வரை கஸகஸ்தானில் அந்தப் பஞ்சத்தைப் பற்றி வெளிப்படையாக எழுத முடியவில்லை.