மூன்று மாதம் யாருடையது?

முற்றிய ஈரற் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றுவதால் பயன் உண்டா என்பது நாம் வைத்தியரிடம் கேட்கும் கேள்வி. ஏற்றாமல் விட்டால் அது அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழந்த குற்றமாகுமா என்பது நமது வீடுகளுக்குள் மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி. இரண்டாவது கேள்வியே என்னை எழுதத் தூண்டியது. எனினும் முதலாவதை விளங்காமல் இரண்டாவதற்கு விடை தேட முடியாது.

ஈரற் புற்றுநோய் பெரும்பாலும் ஏற்கனவே நைந்து, இறுகிப்போன ஈரலிலேயே தோன்றுகிறது. கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்ற வேண்டியதும் அதே ஈரல்தான். ஆகவே, ஈரல் தளர்ந்தவருக்கு மருந்தே நஞ்சாகிவிடலாம். டொக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து பல ஆண்டுகளாக நாளத்தினூடாக ஏற்றப்பட்டு வந்தது. அது ஆயுளை நீட்டியதென்று உறுதியாக நிறுவப்படவில்லை.

2008இல் வெளியான ஆய்வொன்று சிறு வெளிச்சத்தைத் தந்தது. சொராஃபெனிப், கீமோ வகையைச் சேர்ந்ததல்ல. கட்டி வளரும் வழிகளை மறிக்கும் மாத்திரை. 602 பேர் பங்கேற்ற அந்த ஆய்வில், அதை உட்கொண்டோரின் இடைநிலை ஆயுள் 10.7 மாதங்கள், மருந்தில்லா மாத்திரை உட்கொண்டோருக்கு 7.9 மாதங்கள். 2020இல் வெளியான இன்னோர் ஆய்வில், அடெசோலிசுமாப், பெவாசிசுமாப் என்னும் இரு மருந்துகளைச் சேர்த்து ஏற்றியோரில் ஏறத்தாழ 67 வீதத்தினர் ஓராண்டின் பின்னும் உயிரோடிருந்தனர். சொராஃபெனிப் பெற்றோரில் 55 வீதத்தினர். முன்னேற்றம் உண்மையானது. ஆனால் இவ்வாய்வுகளில் சேர்க்கப்பட்டோர் பெரும்பாலும் ஈரல் ஓரளவு நன்றாக இயங்கியவர்கள்.

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கச் சொன்னதும் அவர்களே. இவற்றைச் சொல்லித்தான் நோயாளியை நாம் வற்புறுத்துகிறோம். ஆனால் வலிப்பு நோயால் துன்புற்ற ஒரு பெண் துஆ கேட்டு வந்தபோது, பொறுமையும் சுவர்க்கமுமா, குணம் வேண்டிப் பிரார்த்தனையா எனத் தெரிவை அவரிடமே விட்டதும் அதே நபியவர்கள்தான். அந்தப் பெண் பொறுமையைத் தெரிந்தார். அவரை எவரும் நம்பிக்கை இழந்தவர் என்று சொல்லவில்லை.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் காரணிகளைத் தரம் பிரிக்கிறார். பசிக்கு உணவு உறுதியான காரணி. உயிர் போகும் நிலையில் அதை விடுவது ஹராம். மருத்துவமோ பயன் தருமென எதிர்பார்க்கத்தக்க காரணி; செய்வது தவக்குலுக்கு முரணல்ல, விடுவது தடுக்கப்பட்டதுமல்ல. முற்றிய ஈரற் புற்றுக்கான மருந்தை உணவின் இடத்தில் வைத்து ஒருவரை நெருக்குவது, மார்க்கம் சுமத்தாத சுமையை நாம் சுமத்துவதாகும்.

இதனால் மருந்தை விடுவதே சிறந்தது என நான் சொல்லவரவில்லை. மகளின் நிக்காஹைப் பார்க்கக் காத்திருக்கும் வாப்பாவுக்கு மூன்று மாதம் ஒரு முழு வாழ்க்கை. வயிற்றோட்டத்தோடும் கொப்புளித்த உள்ளங்கைகளோடும் அந்த நாட்களைக் கழிப்பதா, வலி தணிக்கும் மருந்தோடு வீட்டில் இருப்பதா என்பதை நிறுக்கும் தராசு அவர் கையிலேயே இருக்கிறது.

நாமோ அந்தத் தராசைப் பறித்துவிடுகிறோம். 'வாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம், மனம் உடைந்துவிடுவார்' என்று வைத்தியரிடம் வாசலிலேயே கூறிவிடுகிறோம். வயிற்றுப் புண் என்று நம்பிக் கையை நீட்டிக் கீமோ ஏற்றிக்கொண்ட ஒருவரை நான் அறிவேன். அவர் மௌத்தான பின்னர் கடன்காரர் இருவர் வந்து நின்றார்கள். வஸிய்யத் எழுதப்படவில்லை. மனம் முறிந்திருந்த சகோதரரிடம் மன்னிப்புக் கேட்கவும் அவருக்கு நேரமிருந்தது. ஆனால் நேரம் குறைவு என்ற செய்தி மட்டும் அவருக்குத் தரப்படவில்லை. மறைத்தவர்கள் அன்பினாலேயே மறைத்தார்கள். ஆயினும் அன்பு, அமானத்தை விழுங்கும் உரிமையைத் தந்துவிடாது.

நோயின் உண்மை நோயாளியின் சொத்து. அதை இதமாக, அவர் தாங்கும் அளவில், அவர் கேட்கும் வேகத்தில் சொல்லலாம். சொல்லாமலே விடுவதற்கு நமக்கு அதிகாரமில்லை. ஹயாத்தின் அளவை நிர்ணயிப்பவன் அல்லாஹ். எஞ்சிய நாட்களை எவ்வாறு செலவிடுவது என்பதற்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர் அந்த நோயாளியே. பதில் சொல்ல வேண்டியவரிடமே முடிவும் இருக்கட்டும்.