சாட்சியும் கையொப்பமும்

பல்வைத்தியரின் நாற்காலியிற் சாய்ந்திருப்பவர் வாயைத் திறந்திருப்பார், ஆயினும் பேசவியலாதவர். அவ்வறையில் நிகழும் பேச்சைக் கேட்டுச் சிகிச்சைக் குறிப்பை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்று ஐக்கிய அமெரிக்காவின் கூட்டுப் பல்மருத்துவ நிலையங்களிற் புகுந்துள்ளன. வைத்தியரின் கைக்கு ஓய்வு கிடைக்கின்றது. அது சிறு நன்மையன்று. எனினும், அக்குறிப்பு யாருடைய சொல்?

கூட்டு நிலையத்தில் இன்று பல்லைப் பார்ப்பவர் ஒருவர். பின்னர் அதைப் பிடுங்குபவர் இன்னொருவராகலாம். முன்னவரின் குறிப்பே பின்னவருக்குச் சாட்சி. அமெரிக்க இலக்கமுறையில் 13 மேல்வரிசையின் இடப்பக்கத்துப் பல். 30 கீழ்வரிசையின் வலப்பக்கத்தது. ஆங்கில ஒலியில் இவ்விரண்டும் நெருங்கியவை.

தவறாகக் கேட்பதையாவது பொறுக்கலாம். கூறாததை எழுதுவது வேறு வகையான குற்றம். 2022 இல் வெளிவந்த விஸ்பர் என்னும் கருவியை ஆராய்ந்தோர், ஏறத்தாழ நூற்றுக்கு ஓர் ஒலிப்பதிவில் எவருமே சொல்லாத தொடர்கள் எழுதப்பட்டிருந்ததை 2024 இல் எடுத்துக்காட்டினர். மௌனம் நீண்ட பேச்சுக்களில் இக்குறை மிகுந்தது. பல்வைத்தியரின் அறையோ மௌனம் மலிந்த இடம்! "அபாயங்கள் விளக்கப்பட்டன, நோயாளர் உடன்பட்டார்" என்ற வழமையான தொடரைக் கருவி தானே சேர்த்துவிட, களைத்த வைத்தியர் மாலையில் ஒப்பமிட்டால், எவரும் எண்ணாத பொய்யொன்று சாட்சியமாகிவிடும்.

ஒப்பமிட்டவர் கருவியைப் பழித்தல் பொருந்தாது. ஆனால் மீதமான நேரத்தையெல்லாம் அடுத்த நோயாளருக்கு ஒதுக்கிவிடும் நிர்வாகம், வாசித்துத் திருத்தும்படி அவரிடம் கோருவது எவ்வாறு நியாயமாகும்?

கலிபோர்னியாவில் அந்தரங்க உரையாடலைப் பதிவதற்கு அதிற் பங்குகொள்வோர் அனைவரினதும் இசைவைச் சட்டம் வேண்டுகின்றது. அவ்விசைவை வாய் விறைக்குமுன்னரே, நோயாளர் மறுத்துரைக்க இயலும் வேளையிலே கேட்டல் வேண்டும்.