யார் ஊரைவிட்டுப் போகலாம்?

என் குழந்தைகளின் அம்மாவுக்கு இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் வேலை கிடைத்திருக்கிறது. மகளையும் மகனையும் உடன் அழைத்துப்போக என் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். நாங்கள் பிரிந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பரஸ்பர சம்மதத்தின்பேரில் விவாகரத்து. குழந்தைகள் அவரிடம், சனிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு மாலைவரையும் கோடை விடுமுறையில் பாதியும் என்னிடம். (மணவாழ்க்கை முழுக்க நான் அவரை ‘நீ’ என்றுதான் அழைத்தேன். பிரிந்த பிறகு ‘நீங்க’ ஆகிவிட்டது. மரியாதை வந்த நேரத்தைப் பாருங்கள்.)

எனக்குத் தெரிந்த வக்கீல் அண்ணன் ஒருவர், விஷயத்தைச் சொன்ன ஐந்தாவது நிமிடத்தில், “தடை வாங்கிடலாம் தம்பி. குழந்தைகளோட நலன்னு போட்டுருவோம். உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னெல்லாம் எழுதக் கூடாது” என்றார். சட்டப்படி அவர் சொன்னது சரி. 1956ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 13ஆவது பிரிவு, மைனரின் நலனே எல்லாவற்றுக்கும் மேலானது என்கிறது. தகப்பனின் கஷ்டத்துக்கு அங்கே தனியாக இடமில்லை. அதனால் தகப்பன்களும் தாய்மார்களும் தங்கள் கஷ்டத்தையெல்லாம் ‘குழந்தையின் நலன்’ என்ற பையில் போட்டுக்கொண்டுதான் கோர்ட்டுக்குள் நுழைகிறார்கள். நலன் என்பது பொய்யான சொல் அல்ல. ஆனால் அதற்குள் யாருடைய பொருள் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பையைச் சுமப்பவருக்குத் தெரியும்.

பிரித்துப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகள் போகும். அது என்னுடைய இழப்பா, அவர்களுடையதா? மகன் போத்தனூர் ரயில்நிலையத்தில் சரக்கு வண்டியின் பெட்டிகளை எண்ணுவான். ஆறு வயது, நாற்பதுக்குமேல் போனால் என்னிடம் கணக்கைக் கொடுத்துவிடுவான். இங்கிலாந்திலும் ரயில் இருக்கிறது, எண்ணுவதற்கு அங்கேயும் யாராவது அமைவார்கள். மகள் விஷயம் வேறு. பன்னிரண்டு வயது. ஞாயிறு மதியம் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் புத்தகம் படிப்பாள், நான் அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருப்பேன். ஒரு வார்த்தை பேசமாட்டோம். அந்த இரண்டு மணி நேரத்தை வீடியோ அழைப்பில் கொண்டுவர வழியில்லை. அழைப்பு என்றாலே பேசியாக வேண்டும். சும்மா இருக்கும் உறவு தூரத்தில் செத்துவிடும். விசாரிக்கும் உறவுதான் மிஞ்சும். “சாப்டியா, படிச்சியா, குளிருதா?” இது அவளுக்கும் இழப்பு என்றே நினைக்கிறேன். அவள் இன்னும் அப்படி நினைக்காமல் இருக்கலாம்.

இங்கிருந்து ‘ஆகவே போகக் கூடாது’ என்று தாண்டிவிடலாம். தாண்ட முடியாமல் செய்தது என் தாய்மாமனின் நினைப்பு. மாமா பத்தொன்பது ஆண்டுகள் மஸ்கட்டில் இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவார். அவர் மகள் பெரியமனுஷி ஆனதும், மகன் பத்தாவதில் தவறியதும் அவருக்குக் கடிதத்தில்தான் தெரியும். குழந்தைகளின் நலன் என்ன ஆவது என்று ஊரில் ஒருவர் கேட்டதில்லை. “புள்ளைங்களுக்காகத்தானே போயிருக்காரு” என்றார்கள். துபாய், குவைத், சிங்கப்பூர் என்று போன ஆண்கள் யாரும் எந்த நீதிபதியிடமும் அனுமதி கேட்கவில்லை. நாளை எனக்கே மஸ்கட்டில் வேலை கிடைத்தால் நான் பெட்டி கட்டலாம். சட்டம் என்னைத் தடுக்காது. ஞாயிற்றுக்கிழமைகள் அப்போதும் போகும், மகளின் மௌனமான மதியங்கள் அப்போதும் போகும்.

ஆக, குழந்தைகள் யாரிடம் வளர்கிறார்களோ அவர்தான் ஊரோடு கட்டப்படுகிறார். வாரத்தில் ஒருநாள் பார்ப்பவர் எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஆறு நாள் சோறு போட்டு, காய்ச்சலுக்கு இரவு கண்விழித்து, வேன் தவறினால் ஸ்கூட்டியில் கொண்டுபோய் விடுபவருக்கு, அத்தனையும் செய்வதாலேயே, போகும் உரிமை இல்லை. பொறுப்பு கூடக்கூடச் சுதந்திரம் குறைகிறது என்பது இயல்புதான். ஆனால் அந்தக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருப்பவன் பொறுப்பு குறைந்தவன் என்பதை எப்படி நியாயப்படுத்துவது?

கனடாவின் விவாகரத்துச் சட்டத்தில் 2021 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. குழந்தையோடு இடம்பெயர விரும்புபவர் 60 நாட்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதைவிட முக்கியமானது இன்னொரு விதி: ‘குழந்தையை அனுமதிக்காவிட்டால் நீங்கள் தனியாகப் போவீர்களா, இங்கேயே இருப்பீர்களா?’ என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கக் கூடாது. போகமாட்டேன் என்று ஒரு தாய் சொன்னால், அப்படியானால் இங்கேயே இருங்கள் என்று முடித்துவிடலாம். போவேன் என்றால், பிள்ளையைவிட வேலை பெரிதா என்று கேட்கலாம். எப்படிச் சொன்னாலும் தோற்கிற கேள்வி அது. நம் வீடுகளில் அதைத்தான் முதலில் கேட்கிறோம். என் அக்கா கேட்டாள்: “புள்ளைங்கள உடமாட்டோம்னு சொல்லிப் பாரு, அவ தனியாப் போறாளான்னு பாக்கலாம்.”

நம் உச்ச நீதிமன்றமும் 2010இல் ஏறக்குறைய இதே நிலைமையைச் சந்தித்தது. விவாகரத்தான தாய்க்கு ஆஸ்திரேலியாவில் வேலை. மகனை அழைத்துப்போக விரும்பினார், தந்தை எதிர்த்தார். நீதிபதிகள் சிறுவனோடு பேசினார்கள், தாய் அழைத்துப்போக அனுமதித்தார்கள். அவருடைய தன்னாளுமையையும் பிள்ளை அவரிடம் வளர்வதையும் ஒன்றுக்கொன்று எதிரியாக நிறுத்தக் கூடாது என்றது அந்தத் தீர்ப்பு. அதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்புவரை தாயை ஒரு இயற்கைக் காப்பாளராக ஏற்கவைப்பதே போராட்டமாக இருந்த நாடு இது. கோயம்புத்தூரில் பிறந்த எழுத்தாளர் கீதா ஹரிஹரன், தன் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்கப் போனதிலிருந்து தொடங்கி, 1999இல்தான் அந்தத் தீர்ப்பு வந்தது.

இவ்வளவும் படித்த பிறகும் மாமாவின் கதையில் ஒரு வித்தியாசம் இருப்பதை மறைக்க முடியவில்லை. மாமா மட்டும் போனார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தெரு, பேச்சு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. இங்கே பெயர்த்து நடப்படுவது குழந்தைகள். மகன் இப்போதுதான் ‘ழ’ எழுதப் பழகுகிறான். அந்த ஊரில் அதற்கு என்ன வேலை? இதை நான் எழுதியும் சொல்லியிருக்கிறேன். அவர் பதில் சுருக்கமானது: “நான் அவன்கூடத் தமிழ்லதான பேசுவேன்.”

“அப்ப நீங்க ஏன் அங்க போகக் கூடாது?” என்று ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, யாரும் தகப்பன்களிடம் கேட்காத கேள்வி. பொள்ளாச்சியில் என் அம்மா இருக்கிறார். எழுபத்தொன்பது வயது, இடுப்பெலும்பு முறிந்து தகடு வைத்திருக்கிறது. நான் ஒரே மகன், அக்கா ஓசூரில். அம்மாவை விட்டு நான் போக முடியாது. ஆக நானும் ஒருவரைப் பார்த்துக்கொள்வதால்தான் கட்டப்பட்டிருக்கிறேன். இதை உணர்ந்தபோது எனக்கு அவர்மேல் இருந்த கோபம் கொஞ்சம் மாறியது; தணிந்தது என்று சொல்லமாட்டேன்.

இந்த இடத்தில் எல்லோரும் சாலமோன் கதையைச் சொல்கிறார்கள். ஜாதகக் கதையில் மகோசதரும் இதே வழக்கைத் தீர்க்கிறார்: கோடு போட்டு, குழந்தையை இரு பக்கமும் இழுக்கச் சொல்கிறார், விட்டவளே தாய். எனக்கு இந்தக் கதைகள் உதவவில்லை. இரண்டிலும் ஒருத்தி பொய்க்காரி. எங்களில் யாரும் பொய்யில்லை. மேலும் அங்கே விட்டவளுக்குக் குழந்தை திரும்பக் கிடைக்கிறது; நீதிபதி இல்லாத இடத்தில் விட்டால் விட்டதுதான். விடுவதே அன்புக்குச் சாட்சி என்பதையும் நான் நம்பவில்லை. ஜீவனாம்சத்தையும் சேர்த்து நிம்மதியாக விட்டுவிட்ட தகப்பன்கள் எத்தனை பேர்!

உண்மையில் என்னை நிறுத்திவைப்பது வேறொன்று. எல்லை தாண்டிக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்கான 1980ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. நாங்கள் எழுதிக் கையெழுத்திட்டு இங்குள்ள நீதிமன்றத்தில் பதிவு செய்யும் எதையும், அங்கே போன பிறகு அவர் மீறினால், அந்த ஒப்பந்தத்தின் வழியே நான் கேட்க முடியாது. அதேபோல விடுமுறைக்கு இங்கே அனுப்பிய குழந்தைகளை நான் திருப்பி அனுப்பாவிட்டால் அவரும் அப்படிக் கேட்க முடியாது. ஒரு வீட்டுக்குள் ஒருவரை ஒருவர் நம்ப முடியாமல் பிரிந்தவர்கள், இப்போது கடல் கடந்து, அதைவிடப் பெரிய நம்பிக்கையை வைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் யோசித்தால், அவர் என்னை எதில் நம்பவில்லை? என் கோபத்தில், காசு விஷயத்தில். குழந்தைகளை ஞாயிறு ஆறு மணிக்குக் கொண்டுவந்து விடுவேன் என்பதை அவர் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. நானும் சனிக்கிழமை கதவு திறக்குமா என்று நினைத்ததில்லை. மணவாழ்க்கையில் இல்லாத ஒரு நம்பிக்கை இந்த நான்கு வருடத்தில், வாரம் இரண்டு தடவை வாசலில் நின்றதில், எங்களுக்குத் தெரியாமலே உருவாகியிருக்கிறது.

மகளிடம் கேட்கலாமா என்று இருவரும் பேசினோம். கேட்க வேண்டாம் என்று முடிவெடுப்பதற்குள் அவளே கேட்டுவிட்டாள்: “நான் போறேன்னா உங்களுக்குக் கோவம், போகலைன்னா அம்மாவுக்குக் கோவம். அப்படித்தானுங்கப்பா?” விவரம் அறியும் வயதிருந்தால் மைனரின் விருப்பத்தைக் கருதலாம் என்று 1890ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. கருதலாம்தான். விருப்பத்தைக் கேட்பது வேறு, தீர்ப்பைக் கேட்பது வேறு. “நீ முடிவு பண்ண வேண்டாஞ் சாமி, அது எங்க வேலை. உனக்கு அங்க என்னென்ன வேணும்னு மட்டும் சொல்லு” என்றேன். யோசித்துவிட்டு, அழைப்பில் பேசாமல் இருக்கலாமா என்றாள். போனைச் சாய்த்து வைத்துவிட்டுப் படிப்பாளாம்.

சம்மதம் என்று எழுதிவிட்டேன். அங்கே பள்ளி முடிந்து அவர்கள் மூன்றரைக்கு வீடு வந்தால் கோடையில் இங்கே இரவு எட்டு மணி, குளிர்காலத்தில் ஒன்பது. அந்த நேரம் என்னுடையது. பயணச் செலவில் பாதி என்னுடையது. அவர்களின் கோடை விடுமுறை ஆறு வாரம். அதில் நான்கு வாரம் கேட்டிருக்கிறேன், அவர் மூன்று என்கிறார். மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் இப்போது பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. வக்கீல் அண்ணன் அந்த இடத்தை மட்டும் காலியாக விட்டு மீதியைத் தட்டச்சு செய்துவிட்டார்.