தளரும் சில்லும் திருத்துபவர் கடமையும்

ஒழுக்கவியல் நூல்கள் எடுத்தாளும் உதாரணங்கள் பெரும்பாலும் அசாதாரணமானவை. வாசலில் நிற்கும் கொலைகாரனிடம் நண்பனின் இருப்பிடம் பற்றிப் பொய் கூறலாமா என்ற வினாவைக் கான்ற் 1797இல் ஒரு தனிக் கட்டுரையாகவே ஆராய்ந்தார். அத்தகைய கொலைகாரனை வாழ்நாளில் ஒருமுறையேனும் சந்திப்போர் மிகச் சிலரே. நாள்தோறும் எழும் வினாக்களோ மெய்யியலாளரின் கண்ணிற் படுவது அரிது. துவிச்சக்கர வண்டியின் சில்லு ஒன்று திரும்பத் திரும்பத் தளர்கிறது. திருத்துபவர் அதனைத் திரும்பத் திரும்ப இறுக்கிக் கொடுத்துக் கூலி பெறுகிறார். நிலைக்காது எனத் தாம் அறிந்த ஒரு வேலையைச் செய்து பணம் பெறுவது ஏமாற்றாகுமா? வினா சிறிது, ஆயினும் விடை எளிதன்று.

இதனை ஆராய்வதற்குச் சில்லின் உள்ளமைப்பை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். சில்லின் நடுவே, பேச்சுவழக்கில் ஹப் எனப்படும் குடம் உள்ளது. அதன் இருபுறத்துக் கிண்ணங்களிலும் உருக்குக் குண்டுகள் கிறீசில் அமர்ந்திருக்கும். சாதாரண வண்டியின் முன்சில்லிற் புறத்துக்குப் பத்து, பின்சில்லிற் புறத்துக்கு ஒன்பது. அச்சின் மரையில் ஓடும் கோன் இக்குண்டுகளை அணைத்து நிற்க, கோன் நகராதவாறு வெளியிலிருந்து லொக் நட் அதனைப் பூட்டும். கோன் தளர்ந்திருந்தாற் சில்லு பக்கவாட்டில் ஆடும். அளவுக்கு மீறி இறுகியிருந்தாற் குண்டுகள் உருளும் பரப்பு தேய்ந்து குழிவிழும்.

இரு எல்லைகளுக்கும் இடைப்பட்டதே சரியான நிலை என்றதும் அரிஸ்டோட்டிலின் நடுநிலைக் கோட்பாடு நினைவுக்கு வருவது இயல்பே. ஆயின் அவர் கூறிய நடு, அளவுகோலால் அளந்து காணும் நடுவன்று. பத்து மிகுதி, இரண்டு குறைவு என்பதனால் ஆறே எல்லோருக்கும் ஏற்ற அளவு என்றாகிவிடாது என அவரே தமது ஒழுக்கவியல் நூலின் இரண்டாம் பகுதியில் விளக்கியுள்ளார். கோனின் சரியான இடமும் இறுக்கத்தின் விளிம்புக்கு மிக அண்மையிலேயே உள்ளது. லொக் நட்டை இறுக்கும்போது கோன் இன்னும் சிறிது உள்நோக்கித் தள்ளப்படுவதால், கைதேர்ந்தவர் அதனை முன்னரே கணக்கிற்கொண்டு மயிரிழை தளர்வாக விடுவார். விரலுக்குத் தெரியும் இவ்வளவை நூல் எதுவும் கற்பித்துவிட முடியாது.

சில்லு மீண்டும் தளர்வதற்குக் காரணங்கள் பல. லொக் நட்டை இறுக்கும்போது கோனை மெல்லிய ஸ்பனராற் பிடித்துக்கொள்ளாமை அவற்றுள் ஒன்று. இது வெறும் கவனக்குறைவு. மீண்டும் முறையாக இறுக்கினால் தீரும். அச்சின் மரை தேய்ந்திருந்தாலோ, அச்சு வளைந்திருந்தாலோ, கோனிற் குழி விழுந்திருந்தாலோ நிலைமை வேறு. கிண்ணமே குடத்திலிருந்து கழன்று சுழல்கிறதெனின் எத்தனை முறை இறுக்கினும் பயனில்லை. இங்குதான் ஒழுக்கச் சிக்கல் தொடங்குகிறது. குழி விழுந்த கோனை மிகையாக இறுக்கிக் கொடுத்தால், வண்டிக்காரருக்குச் சில்லு உறுதியாகவே தோன்றும். ஆட்டம் நின்றுவிட்டதென மகிழ்ந்து செல்வார். உள்ளே அழிவு விரைவுபடும். எனவே வாடிக்கையாளரின் திருப்தி, வேலையின் நேர்மைக்குச் சாட்சியாகாது. அணிந்த மோதிரத்தைத் திருப்பியதும் பிறர் கண்ணுக்குப் புலப்படாது மறைந்த லிடியா நாட்டு இடையனின் கதை பிளேட்டோவின் குடியரசு நூலில் வருகிறது. மூடப்பட்ட குடமும் அத்தகையதொரு மோதிரமே. உள்ளே நிகழ்ந்ததைச் செய்தவர் மாத்திரமே அறிவார்.

இதிலிருந்து, காரணத்தைக் களையாது இறுக்குவதெல்லாம் குற்றம் என முடிவுகட்டுவோர் உளர். அவர்கள் பெரும்பாலும் திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்தினைத் துணைக்கழைப்பர். நோயையும் அதன் மூலத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்ந்து செய்க என்பது அங்கு கூறப்படுவது உண்மையே. ஆனால் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும் அக்குறளை அடுத்து வருவது, நோயின் அளவோடு நோயாளியின் அளவையும் காலத்தையும் கருதுமாறு மருத்துவனைப் பணிக்கிறது. முன்னதை எடுத்துக்கொண்டு பின்னதை விட்டுவிடுவது பேச்சாளருக்கு வசதியானது போலும்.

பாசையூரில் விடியற்பொழுதில் மீன் வாங்கி, பின்கரியரிற் பெட்டி கட்டி ஊரூராக விற்பவர் ஒருவர், ஆடும் சில்லோடு கடைக்கு வருகிறார் எனக் கொள்க. அச்சும் கோனும் மாற்றாவிடின் வண்டியைத் தொடமாட்டேன் என நிற்கும் திருத்துபவர் நோயை அறிந்தவர், நோயாளியை அறியாதவர். வெயில் ஏறுமுன் மீன் விற்றாக வேண்டும். புதிய அச்சுக்கான பணமும் அந்த மீனிலிருந்துதான் வரவேண்டும். இந்நிலையில் இறுக்கிக் கொடுப்பதே சரியான செயல்.

அவ்வாறாயின் தவறு எங்கே நிகழ்கிறது? வேலை முடிந்தபின் கூறப்படும் சொல்லில் நிகழ்கிறது. ‘இறுக்கியாச்சு’ என்கிறார் திருத்துபவர். அது முழு உண்மை; கான்ற் கூட அதிற் பொய் காண்பது கடினம். ஆனால் மீன்காரரின் காதில் விழுவது ‘திருத்தியாச்சு’ என்பதாகும். இரு சொற்களுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒருவர் அறிவார், மற்றவர் அறியார். அறிந்தவர் அவ்வறியாமையினாற் கூலி பெறுகிறார். பொய் எதுவும் சொல்லப்படாமலே ஏமாற்று நிறைவேறிவிடுகிறது. ‘அண்ணை, கோன் போட்டுது, இது இரண்டு கிழமைதான் நிக்கும், பிறகு மாத்தவேணும்’ என ஒரு வாக்கியம் சேர்க்கப்படின் அதே கை, அதே ஸ்பனர், அதே வேலை வேறொரு செயலாகிவிடும். அவ்வாக்கியத்தாற் சில வேளை வாடிக்கையாளர் அடுத்த கடையை நாடலாம். திருத்துபவரும் நாட்கூலியில் வாழ்பவரே என்பதனால் இந்த இழப்பு அற்பமானதன்று.

பற்றாக்குறைக் காலங்கள் இவ்வேறுபாட்டை மங்கச் செய்துள்ளன. 1970 முதல் 1977 வரை இறக்குமதிகள் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன. 1990இன் பின் வடபகுதிக்கு எரிபொருள் தடுக்கப்பட்டபோது ஆளையும் பொருளையும் நோயாளியையும் சுமந்தது துவிச்சக்கர வண்டியே. அதன் சில்லைச் சுழற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டவர்களும் உண்டு. 2022இன் எரிபொருள் நெருக்கடியிலும் மக்கள் மீண்டும் அதனை நாடினர், விலையும் ஏறியது. இத்தகைய காலங்களில் தற்காலிகத் திருத்தமே கைக்கெட்டிய திருத்தம்; அதனை இருவரும் அறிந்திருந்தமையால் அங்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கோன் தாராளமாகக் கிடைக்கும் நாளிலும் ‘இப்போதைக்கு இது போதும்’ என்ற பழக்கம் தொடர்வதே ஐயத்துக்குரியது.

வண்டிக்காரரின் பங்கையும் மறந்துவிடலாகாது. உண்மை கூறப்பட்ட பின்னரும், பணம் இருந்தும், ஐந்தாம் முறையாக ‘இறுக்கினாற் போதும்’ எனக் கேட்டுவருபவர் ஏமாற்றப்பட்டவர் அல்லர். அப்போது திருத்துபவர் அவர் விருப்பப்படி இறுக்கிக் கொடுத்துக் கூலி பெறுவதிற் குறைகாண இடமில்லை எனத் தோன்றலாம். பின்சில்லின் ஆட்டத்தால் அச்சொட்டாக நேரும் தொல்லை பிறேக் கட்டை உராய்வதும் சங்கிலி கழல்வதுமே எனில் அவ்வாறே கொள்ளலாம். ஆனால் தளர்வது முன்சில்லு. வண்டியின் பாரிலே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளை அமர்ந்திருக்கிறது. இருவருக்கும் இடையிலான உடன்பாட்டில் அப்பிள்ளை பங்குபற்றவில்லை. அச்சு மாற்றாமல் வண்டியைத் தர மறுக்கும் உரிமை திருத்துபவருக்கு அன்று உண்டு. அன்று அவர் இழக்கும் கூலியை வேறெவரும் ஈடுசெய்யப் போவதில்லை.