நான்கு மணி நேர விருந்தாளி

விருந்தினர் வரும் நாளில் முன்னறையைப் பெருக்கி, உடைந்ததையும் கிழிந்ததையும் பின்கட்டில் ஒதுக்கி வைப்பது எந்நாட்டாருக்கும் இயல்பு. அதைப் பொய் என்று சொல்ல நமக்கு மனம் வருவதில்லை. ஆயின் ஒரு நகரமே தன் முன்னறையை மட்டும் காட்டி வந்தவரை அனுப்பிவைத்தால், அது விருந்தோம்பலா, மறைப்பா? சில மணி நேரமே தங்கிச் செல்லும் வழிப்போக்கனுக்கு அந்நகரின் துயரத்தை அறியும் உரிமைதான் உண்டா?

தென்கொரியாவின் இஞ்சியோன் நகரில் இவ்வினா நம்முள் எழுந்தது. தீவுகளுக்கு இடைப்பட்ட கடலைத் தூர்த்து அமைத்த அதன் பன்னாட்டு விமான நிலையம் 2001இல் திறக்கப்பட்டது. அடுத்த விமானம் ஏறுவதற்கு இருந்த இடைவெளியில், போகவர ஆகும் நேரம் நீங்கலாக, நான்கு மணி நேரம் நமக்கு மிஞ்சியது. இத்தகைய இடைவேளையில் பலரும் தலைநகர் சியோலுக்கே விரைவர். நமக்கு வழிகாட்ட வந்த அம்மையாரோ இஞ்சியோனிலேயே பிறந்து வளர்ந்தவர். எங்கள் ஊரைப் பாருங்கள் என்றார், இசைந்தோம்.

இந்நகரின் துறைமுகம் 1883இல் அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. வந்தவர்கள் தத்தமக்கெனக் குடியிருப்புகளை வகுத்துக்கொண்டனர். சீனர் பகுதிக்கும் ஜப்பானியர் பகுதிக்கும் எல்லையாக இருந்த கற்படிக்கட்டு இன்றும் இருக்கிறது. ஒருபுறம் சீனப் பாணியில் கல்விளக்குகள், மறுபுறம் ஜப்பானியப் பாணியில். அம்மையார் படிகளின் நடுவே நின்று இரு கைகளையும் அகல நீட்டி, "எங்களுக்கு எஞ்சியது இவ்வளவுதான்" என்று சொல்லிச் சிரித்தார். சொந்த நிலத்தில் அயலார் எல்லை வகுத்தது அன்று எத்துணை அவமானமாக இருந்திருக்கும்! இன்று அது சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதை. சீனத்தெருவில் கரிய சோயாப் பசையில் பிரட்டிய நூடுல்ஸ் வாங்கித் தந்தார். சீனத் தொழிலாளரோடு வந்து கொரியர் உணவாகவே மாறிவிட்ட பண்டம் அது. சுவை நமக்குச் சற்றே புதிது, பசியோ பழையது.

பின்னர் மேலேயுள்ள சுதந்திரப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அமெரிக்கத் தளபதி மக்கார்தரின் சிலை 1957 முதல் நிற்கிறது. 1950 செப்டம்பர் 15 அன்று அவர் தலைமையில் இவ்வூர்க் கடற்கரையில் படைகள் இறங்கின. இரு வாரங்களுக்குள் சியோல் மீட்கப்பட்டது. இதை அம்மையார் தெளிவாகவும் பெருமிதத்தோடும் விளக்கினார். சிலையை அகற்றச் சொன்னவர்களும் காக்க வந்தவர்களும் 2005இல் அங்கே மோதிக்கொண்டதை மட்டும் ஒரே வாக்கியத்தில் கடந்தார். கீழே துறைமுகத்தை அடுத்து ஒரு பசுங்குன்று தெரிந்தது. முன்பு தீவாயிருந்து இன்று நிலத்தோடு இணைந்துவிட்ட வொல்மிதோ. அங்கே ராட்டினங்கள் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்றார். படைகள் முதலில் இறங்கியது அங்கேதான் என்றும் சொன்னார். அப்படியானால் அங்குக் குடியிருந்தவர்கள் என்ன ஆயினர் என்று கேட்டோம்.

அவர் உடனே விடை சொல்லவில்லை. கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "எரிந்துபோனார்கள், தப்பியவர்கள் திரும்பி வரவில்லை" என்றார்.

படைகள் இறங்குவதற்கு ஐந்து நாட்களுக்கு முன்னர், செப்டம்பர் 10 அன்று, அமெரிக்க விமானங்கள் அத்தீவின்மீது நேபாம் தீக்குண்டுகளை வீசின. குடிமக்கள் ஏறத்தாழ நூறு பேர் மாண்டனர் என்று தென்கொரியாவின் உண்மை நல்லிணக்க ஆணையம் 2008இல் கண்டறிந்தது. போருக்குப் பின் அந்நிலம் படைத்தளமாயிற்று, 2001இல் பூங்காவாயிற்று. ஊரார்க்கு அது திரும்பக் கிடைக்கவில்லை.

1883இன் காயத்தைச் சிரிப்போடு காட்டியவர் 1950இன் காயத்தைக் கேட்டபின்னரே சொன்னார். காலத்தின் தொலைவு மட்டுமே இதற்குக் காரணம் என்று நாம் கருதவில்லை. படிக்கட்டில் தீங்கிழைத்தவர் அயலார், கதை எளிது. தீவிலோ, ஊரை மீட்க வந்தவர்களே ஊரின் ஒரு பகுதியை எரித்தனர். மீட்பால் உயிர் பிழைத்தோரின் வழிவந்தவர் அம்மையார். அவர் நன்றியும் மெய், அந்த நெருப்பும் மெய். இரண்டையும் ஓர் அந்நியனிடம் ஒருசேரச் சொல்ல எவருக்குத்தான் நா எழும்? அவர் தயங்கியதை நாம் குறையாகக் கொள்ளவில்லை.

நமக்கு அதை அறியும் உரிமை இருந்ததா? இல்லை என்றே தோன்றுகிறது. நான்கு மணி நேர விருந்தாளிக்கு நூடுல்ஸும் நல்ல காட்சியும் போதும். ஆனால் உண்மை இங்கு நமக்குரிய கடனாகவே இருக்கவில்லை. அது அத்தீவின் மக்களுக்குரியது. நிலத்தை இழந்தவர்களிடம் எஞ்சியிருப்பது 'நாங்கள் அங்கே வாழ்ந்தோம்' என்னும் ஒரு சொல்லே. அதையும் ராட்டினத்தின் இசை மூடிவிடுமானால், அவர்கள் இரண்டாம் முறையும் வெளியேற்றப்படுகிறார்கள். அம்மையார் நம்மிடம் சொன்ன இரண்டு வாக்கியங்கள் நமக்காகச் சொன்னவை அல்ல.

நேரம் நெருங்கிவிட்டது என்று கடிகாரத்தைக் காட்டினார். வண்டியை நோக்கி இறங்குகையில், தப்பியவர்களின் பிள்ளைகள் இந்நகரில் இருக்கிறார்களா என்று கேட்டோம். இருக்கிறார்கள் என்றார். சற்றுப் பொறுத்து, தம்மோடு பள்ளியில் படித்த ஒருத்தியும் அவர்களுள் ஒருத்தி என்றும், வொல்மிதோவுக்கு மட்டும் அவள் எந்த விடுமுறையிலும் வந்ததில்லை என்றும் சொன்னார்.