சிபாரிசு

ஒரகடம் கூட்டுரோட்டில், மேம்பாலத்துக்குக் கீழே, ஒரு காலை ஏழு மணிக்கு ஒரு பையன் தோள்பையோடும் பிளாஸ்டிக் உறையிலிட்ட சான்றிதழ்களோடும் நின்றிருந்தான். அரூர்ப் பக்கத்துக் கிராமம். இரவு பஸ் பிடித்து வந்திருந்தான். கைபேசியில் ஒரு வீடியோவை நிறுத்திவைத்து, ஷேர் ஆட்டோக்காரரிடம் காட்டி, இந்தக் கம்பெனிக்கு எப்படிப் போவது என்று கேட்டுக்கொண்டிருந்தான். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய நான் அந்தத் திரையை எட்டிப் பார்த்தேன். வீடியோவின் முகப்பில் மஞ்சள் எழுத்தில் நான்கு சொற்கள் இருந்தன: அனுபவம் வேண்டாம், ஆள் வேண்டும். அந்த வேலைக்கு ஆள் எடுத்து முடித்து ஐந்து மாதமாகியிருந்தது. அந்த நான்கு சொற்களும் நான் எழுதியவை.

நான் கவிதை என்று எழுதியவற்றை இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் முப்பது பேர் படித்திருக்கலாம். அந்த நான்கு சொற்களைத் திறந்து பார்த்தவர்கள் எழுபதாயிரம் பேர். அந்த எழுபதாயிரத்துக்கு என் பொறுப்பு என்ன என்ற கேள்வி சில மாதங்களாக என்னை விடவில்லை. பதில் கிடைத்துவிட்டதால் எழுதவில்லை. கேள்வியையாவது சரியாகக் கேட்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

வீடியோ எடுத்தவன் என் அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவன். செய்யாற்றுக்காரன், ஒரு கார்க் கம்பெனிக்கு உதிரிபாகம் செய்யும் ஆலையில் காண்ட்ராக்ட் தொழிலாளி. தம்பி என்றே கூப்பிடுகிறேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவன் ஆரம்பத்தில் எடுத்தது வேலை வீடியோ அல்ல, ஏரி வீடியோ. ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, ஒரகடம் ஏரி என்று ஒவ்வொன்றாகப் போய், கரைமேல் நடந்துகொண்டே மதகு எங்கே, கலங்கல் எங்கே, வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்தது, ஆயக்கட்டு எதுவரை இருந்தது என்று பேசுவான். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்று ஒரு பெயர் இருந்ததை அவன் எங்கோ படித்திருந்தான். ஒரு வீடியோவில், இன்னும் வேலை செய்யும் ஒரு மதகிலிருந்து வெளியேறும் தண்ணீரைத் தொடர்ந்து போகிறான். அது ஓர் ஆலையின் மதில் சுவரில் முட்டி நிற்கிறது. அவனும் நிற்கிறான். பேச்சும் நின்றுவிடுகிறது. அரை நிமிஷம் தண்ணீர்ச் சத்தம் மட்டும். அதைப் பார்த்தவர்கள் 83 பேர். என் அபிப்ராயத்தில் அது ஒரு சிருஷ்டி.

ஒருநாள் தங்கள் ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று நான்கு நிமிஷ வீடியோ ஒன்று போட்டான். சம்பளம் எவ்வளவு, கேன்டீன் உண்டா, பஸ் எங்கே நிற்கும், என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்ற விவரங்கள். முகப்புக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் அண்ணா என்று கேட்டான். சொற்களைச் சுண்டவைப்பதில் எனக்கிருக்கும் பழக்கத்தைக் காட்டும் ஆசையில், டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது வாரம் அது ஓட ஆரம்பித்தது. ஆள் எடுத்து முடிந்த பிறகும் ஓடியது. முடிந்ததைப் பற்றி அந்த யந்திரத்துக்கு ஒன்றும் தெரியாது. ஜனங்கள் பார்க்கிறார்கள் என்பது மட்டும் தெரியும்.

யந்திரம் என்று ஏதோ பூதத்தைச் சொல்வதுபோல் சொல்லக்கூடாது. அது செய்யும் காரியம் புரியாத மாயமல்ல. 2012க்கு முன் யூட்யூப், ஒரு வீடியோவை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதையே முக்கியமாகக் கணக்கிட்டது. அந்த வருஷம், எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு மாறியது. 2016ல் அக்கம்பெனியின் பொறியியலாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்று இதை இரண்டு கட்டமாக விவரிக்கிறது. மலைபோன்ற குவியலிலிருந்து சில நூறு வீடியோக்களைப் பொறுக்குவது முதல் கட்டம். அந்தச் சில நூறை, எதிரே இருக்கும் இந்த ஓர் ஆள் எவ்வளவு நேரம் பார்ப்பான் என்ற எதிர்பார்ப்பின்படி வரிசைப்படுத்துவது இரண்டாவது. பார்வையாளன் திருப்தியடைந்தானா என்று அவனையே கேட்டறிவதும் சேர்ந்தது. ஜனங்கள் அங்கே செலவழிக்கும் நேரத்தில் 70 சதவீதத்துக்கும் மேல் இவ்விதம் சிபாரிசு செய்யப்பட்டவற்றில் போகிறது என்று 2018ல் அக்கம்பெனியின் உயர் அதிகாரி ஒருவரே சொன்னார்.

ஏரியை விட்டுவிடு என்று தம்பியிடம் யாரும் சொல்லவில்லை. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். ஆலையில் மணிக்கு இத்தனை என்று டார்கெட் இருக்கிறது. அதைச் சொல்லும் சூபர்வைஸருக்கு முகம் இருக்கிறது. அவனை வெறுக்கலாம், அவனிடம் மன்றாடலாம், எல்லோருமாகச் சேர்ந்து கேட்டுக்கு வெளியே வந்து உட்காரலாம். 2024 செப்டம்பர் 9ல் இங்கே சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்கள் நடந்தது. நியாய அநியாயம் எதுவானாலும் எதிர்த்து நிற்க ஓர் இடம் இருந்தது. தம்பி வீடியோ போடாமல் இருந்தால் அது வேலைநிறுத்தம் ஆகாது. வெறுமனே அவன் இல்லாமல் போகிறான். அந்த இடத்தில் இன்னொருவனுடைய வீடியோ வந்து நிற்கிறது. கட்டளை இல்லாததால் மீறுவதும் இல்லை. ஏரிக்கு 83, வேலைக்கு 70,000 என்று இரண்டு எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்படுகின்றன. மீதியை அவனே செய்துகொள்கிறான். மூன்று மாதத்தில் ஏரிக்குப் போவது நின்றுவிட்டது. "அதுக்கு ஆடியன்ஸ் இல்லண்ணா" என்றான். தான் கைவிட்டதை யாரோ கைவிட்டதுபோல் சொன்னான்.

இந்த யந்திரத்தின் காரியத்துக்குத் தமிழில் நாம் சிபாரிசு என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். எனக்கு அந்தச் சொல் பழைய ஞாபகங்களோடு வருகிறது. என் தகப்பனார் வேலை தேடிய காலத்தில் சிபாரிசு என்றால் ஒரு கடிதம். கீழே கையெழுத்து இருக்கும். இவன் நல்ல பையன் என்று ஒருவர் எழுதிக் கொடுத்தால், பையன் தப்பாகப் போனால் அவர் முகத்தில்தான் கரி. அதனால் அவர் யோசிப்பார். இரண்டாவது முறை கேட்டால் மறுப்பார். என் தொழிலிலும் இதே விஷயம்தான். தரப் பரிசோதனையில் நான் பாஸ் செய்யும் ஒவ்வொரு பெட்டியிலும் என் முத்திரை எண் விழுகிறது. ஆறு மாதம் கழித்து ஒரு பாகம் விரிசல் கண்டால், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு புகார் என் மேஜைக்கே வரும். சிபாரிசு என்பது தன்னை ஈடுவைப்பது. ஈடு இல்லாத சிபாரிசு உலகத்தில் இதற்கு முன்னும் இருந்திருக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய அளவில், நாளெல்லாம், ஒவ்வொரு ஆளையும் தேடிப்போய்க் காதில் சொல்லும் சிபாரிசு ஒன்று, எந்த ஈடும் இல்லாமல் நடப்பது இப்போதுதான்.

சட்டம்கூட இங்கே தடுமாறுகிறது. 2000ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு, பிறர் பேச்சைக் கடத்துபவனுக்குப் பாதுகாப்புத் தருகிறது. அதன் நிபந்தனைகளைச் சொல்லுமிடத்தில், பெறுபவனைத் தேர்ந்தெடுக்காதிருத்தல் என்ற கருத்தும் வருகிறது. பெறுபவனைத் தேர்ந்தெடுப்பதையே காரியமாகக் கொண்ட ஒன்றை வெறும் கடத்துபவன் என்று எப்படிச் சொல்வது? 2021 டிசம்பரில், விடுதிச் சாப்பாடு விஷமாகி, பாக்ஸ்கான் ஆலையின் பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தபோது, சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பொய்யும் கைபேசி கைபேசியாகப் பரவியது. அதன் தொடர்பில் ஒரு யூட்யூபர் கைதானார். சொன்னவனுக்குக் கை இருந்தது, விலங்கு மாட்ட முடிந்தது. கேட்கக்கூடியவர்களைப் பார்த்துப் பார்த்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு மாட்ட எந்தக் கையும் இல்லை.

இதுவரை எழுதியதைப் படித்துப் பார்க்கும்போது, பழைய காலத்துக்கு ஏங்குபவன் குரல் கேட்கிறது. அது நேர்மையல்ல. கையெழுத்துப் போட்ட அந்தக் கடிதம் யாருக்குக் கிடைத்தது? ஜாதிக்காரனுக்கு, கட்சிக்காரனுக்கு, உறவுக்காரனுக்கு. என் தகப்பனாருக்குக் கிடைக்கவில்லை. அரூர்ப் பையனுக்கும் கிடைத்திருக்காது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் ஒரு பெரியவரும் அவருடைய பேரன்மாரும் வயலோரத்தில் பெரிய பாத்திரம் வைத்துச் சமைத்ததை எந்தத் தொலைக்காட்சி அதிகாரி ஏற்றிருப்பார்? 2018ல் ஆரம்பித்த அவர்களுடைய வில்லேஜ் குக்கிங் சேனலுக்கு 2021ல் சந்தாதாரர் ஒரு கோடியைத் தாண்டினார்கள். முகமில்லாத சிபாரிசு முகம் பார்க்காததும் உண்மை. ஆனால் அதே முகமின்மை வேறொரு நாளும் காட்டியது. 2020 ஜூன் 29ல் அரசாங்கம் டிக்டாக்கைத் தடைசெய்தபோது, கிராமங்களில் ஆடியும் நடித்தும் கூட்டம் சேர்த்திருந்த எத்தனையோ பேருக்கு அந்தக் கூட்டம் ஒரே இரவில் இல்லாமல் போயிற்று. சேர்த்த கூட்டம் அவர்களுடையதாகவே இருந்ததில்லை. கடன் வாங்கிய கூட்டம்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். லட்சம் பிரதிகள் விற்ற வாரப் பத்திரிகைகளைத் திட்டியே நாம் வளர்ந்தோம். வாசகனுக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்து எழுதியவர்களைக் கேவலமாகப் பேசினோம். அந்த ஊகத்தில் ஒரு இடைவெளி இருந்தது என்பதை இப்போதுதான் பார்க்கிறேன். ஆசிரியர் தப்பாக ஊகிக்கலாம். அந்தத் தப்பின் சந்தில் ஒரு நல்ல கதை நுழைந்துவிடலாம். அளந்து பார்க்கும் யந்திரம் அந்தச் சந்தை அடைத்துக்கொண்டே வருகிறது. அதே சமயம், முப்பது வாசகர்களுக்காக எழுதும் நான் எவ்வளவு சுத்தம்? அந்த முப்பது பேரின் முகமும் எனக்குத் தெரியும். எந்த வரியில் யார் தலையசைப்பார் என்றும் தெரியும். என் யந்திரம் சிறியது, அவ்வளவுதான். சி.சு. செல்லப்பா எழுத்துப் பிரசுரங்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனபோது செய்ததும் சிபாரிசுதான். ஆனால் சுமை அவர் தோளில் இருந்தது.

இந்த ஊரில் பிறந்த ஒருவரின் கதை எல்லோருக்கும் தெரியும். திருக்கோஷ்டியூரில் பலமுறை நடையாய் நடந்து பெற்ற ரகசியத்தை, வெளியே சொன்னால் நரகம் என்ற குருவின் எச்சரிக்கையையும் மீறி, ராமானுஜர் கோபுரத்தின் மேலேறி எல்லோருக்கும் சொன்னார் என்பது சம்பிரதாயம். நான் பக்தன் அல்ல. ஆனால் அந்தக் கதையில் இரண்டு விஷயங்கள் என்னைப் பிடித்து நிறுத்துகின்றன. கீழே நிற்பவர் யார், அவருக்கு எது பிடிக்கும் என்று அவர் பிரிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே சொல். இரண்டாவது, சொன்னதற்கு ஈடாகத் தன் நரகத்தை வைத்தார். இவ்வளவு பேருக்கு நல்லது நடக்குமானால் நான் ஒருவன் போகிறேன் என்றார். சிபாரிசுக்கு இதைவிடப் பெரிய கையெழுத்து எனக்குத் தெரியவில்லை.

அன்று காலை அரூர்ப் பையனைத் தம்பியின் அறைக்கு அழைத்துப்போனேன். தம்பி அவனைப் பார்த்தான், சான்றிதழ்களைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. சாப்பாடு வாங்கிக்கொண்டு வந்தான். மத்தியானம் என்னிடம், "எடுத்துடட்டுமாண்ணா?" என்றான். கேள்வி எளிமையானது அல்ல. நீண்ட வீடியோ போடுபவன் விளம்பர வருமானத்தில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும் 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்பது 2018 முதல் விதி. அவன் 3,700ல் இருந்தான். அதில் 3,500 மணி நேரம் அந்த ஒரு வீடியோ கொடுத்தது. எடுத்துவிட்டால் அந்தக் கணக்கும் போய்விடும். அவனுக்கு ஊரில் தங்கை கல்யாணக் கடன் இருந்தது. எடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விடு என்றும் வரவில்லை. பேனாவை எடுத்துக்கொடுத்தவன் நான். விலை கொடுக்கவேண்டியவன் அவன்.

இரண்டு நாள் கழித்து அவன் முகப்பை மாற்றியிருந்தான். இந்த முறை என்னைக் கேட்கவில்லை. அதே மஞ்சளில், "ஆள் எடுத்து முடிஞ்சிடுச்சு, வராதீங்க" என்று, தேதியோடு. ஒரு வாரத்தில் அந்த வீடியோவை யந்திரம் கீழே இறக்கிவிட்டது. 4,000 இன்னும் வரவில்லை. ஏரிக்கும் அவன் திரும்பவில்லை. அப்படித் திரும்பினான் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும், ஆனால் நடக்கவில்லை.

பையன் ஊருக்குப் போகவில்லை. தம்பி தன் காண்ட்ராக்டரிடம் நாலு முறை நடந்து, நான் பொறுப்பு என்று சொல்லி, ஒரு கிடங்கில் சேர்த்துவிட்டான். அவனுக்கு எங்கள்மேல் கோபமில்லை. "அந்த வீடியோ பாக்கலன்னா ஊர்லயேதாண்ணா இருந்திருப்பேன்" என்கிறான். இது என்னை விடுவிக்கும் வாக்கியமல்ல. அவனுக்கு நல்லபடி முடிந்தது தற்செயல். அதே மேம்பாலத்துக்குக் கீழே வந்து நின்று, யாரும் எட்டிப் பார்க்காமல் திரும்பிப்போனவர்கள் எத்தனை பேரோ. சென்ற வாரம் அவன் ஊரிலிருக்கும் சிநேகிதனோடு போனில் பேசிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. கிடங்கில் ஓர் ஆள் வேண்டுமாம். வேலை கடினம், சம்பளம் சுமார், தூசி இருமல் வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். பிறகு சொன்னான்: "நான் சொல்றன்டா, வா. வந்து என் ரூம்லயே இரு."